டன் அக்காவின் மானிட்டரில் இருந்த சீட்டு

எங்கள் ஆலையில் பதினொரு சர்வர்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கேட்பவர்களிடமெல்லாம் பத்து என்றே பல வருடங்களாகச் சொல்லிவந்தேன். பதினொன்றாவதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். சரியாகச் சொன்னால், அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்மணியைப் பற்றி.

பழைய காகிதத்தை லாரி லாரியாக வாங்கி, கூழாக்கி, அட்டையாக மாற்றி விற்கும் ஆலை இது. எங்கள் அட்டையில் பாதியை வாங்கும் நிறுவனம் ஒருநாள் கடிதம் அனுப்பியது. எங்களைப் போன்ற வேறோர் ஆலைக்குள் யாரோ இணையம் வழியாகப் புகுந்து கணினிகளையெல்லாம் பூட்டிவிட்டார்களாம். ஆகவே இனிமேல் தங்களுக்குச் சரக்கு தரும் ஒவ்வோர் ஆலையும் தன் சர்வர்களுக்கு ஓர் அடிப்படைப் பாதுகாப்புக் கொள்கையை எழுதி, நடைமுறைக்குக் கொண்டுவந்து, தங்கள் ஆள் வரும்போது காட்ட வேண்டும். ஆறு வாரம் அவகாசம்.

மேனேஜர் கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

"என்னப்பா, இந்தக் கொள்கை நம்மகிட்ட இருக்கா?"

"மனசுல இருக்கு சார்."

"மனசுல இருக்கறதுக்கு முத்திரை குத்தி அனுப்ப முடியாது. எழுது."

அடிப்படைக் கொள்கை எளிய விஷயம்தான். ஒரு சர்வர் எவ்வளவு சிறப்பாக இருக்கலாம் என்று அது பேசுவதில்லை. எந்த அளவுக்குக் கீழே போனால் அதை நம் வீட்டுக்குள் வைத்திருக்கக்கூடாது என்று மட்டும் சொல்கிறது. பாஸ்வேர்ட் இத்தனை எழுத்து, இணையத்துக்குத் திறக்கும் தேவையில்லாத கதவுகள் மூடியிருக்க வேண்டும், யார் எப்போது வந்தார்கள் என்ற பதிவு இருக்க வேண்டும், இப்படி. இதே கேள்வியை மனிதர்களிடம் கேட்க எனக்கு ஒருநாளும் தைரியம் வந்ததில்லை. இயந்திரங்களிடம் கேட்பதில் ஒரு வசதி உண்டு. அவை நம்மைத் திருப்பிக் கேட்பதில்லை.

முதலில் என்னென்ன இருக்கின்றன என்று பார்க்க வேண்டும் அல்லவா? குறிப்பு அட்டையும் பேனாவுமாக ஆலை முழுவதும் சுற்றினேன். பத்து சர்வர்களும் பம்ப் அறைக்குப் பக்கத்தில், நான் விட்ட இடத்திலேயே இருந்தன. போகிறபோக்கில் வாசலருகே இருந்த எடைமேடைக்கும் போனேன்.

எடைமேடை என்பது தரையோடு தரையாகப் பதித்த நீளமான இரும்புத் தளம். காகித லாரி சரக்கோடு ஒருமுறை அதில் ஏறி நிற்கும், இறக்கிவிட்டு மறுமுறை ஏறி நிற்கும். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் நாங்கள் வாங்கிய காகிதம். பக்கத்தில் ஆறடிக்கு எட்டடியில் ஒரு கேபின், அதற்குள் ஒரு கணினி, ஓர் ஒலிபெருக்கி, டன் அக்கா. "பதினாறு டன் நானூறு" என்று அவர் ஒலிபெருக்கியில் சொல்வது பாய்லர் வரைக்கும் கேட்கும். அதனால் வந்த பெயர்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் அவர் பேக்கிங் பிரிவில் இருந்தார். ஒருநாள் அட்டைக்கட்டு ஒன்று சரிந்து இடது முட்டியில் விழுந்தது. இப்போது அந்த முட்டிக்குள் ஒரு தகடும் ஆறு திருகுகளும் இருக்கின்றன. ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் நின்றால் முட்டி வீங்கிவிடும். "உள்ள இரும்பு, வெளிய இரும்பு, நான் நடுவுல" என்பார். அதனால்தான் இந்த உட்கார்ந்த வேலை. கணவர் வெளியே ஒரு பட்டறையில் வெல்டர். மகள் பிசியோதெரபி படிக்கிறாள். வகுப்பில் சொல்லித்தரும் ஒவ்வொரு பயிற்சியையும் முதலில் அம்மாவின் முட்டியில்தான் செய்துபார்க்கிறாள். மகள் பரீட்சைக்குப் படிக்கும் மாதங்களில் அக்கா சற்றுக் கூடுதலாக நொண்டுவார்.

நான் போனபோது அவர் ஒரு டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"தண்ணி டேங்க் தளும்புது."

"வழியில குடிக்க வேணாமாக்கா?"

"நானூறு லிட்டர் குடிப்பியா? இறக்கிட்டு வரும்போது டேங்க் காலியா இருக்கும். அந்தத் தண்ணியையும் நாங்க காகிதம்னு வாங்கிக்கணும். இப்பவே தொறந்து விட்டுட்டு வா. அப்புறம் உள்ள தூங்கறாரே உன் கூட்டாளி, அவரையும் எழுப்பு. ரெண்டாவது எடைக்கு அவரு டீ குடிக்கப் போயிருப்பாரு, எனக்குத் தெரியும்."

டயர் அமுங்கியிருப்பதைப் பார்த்தே லாரியின் எடையைச் சொல்லிவிடுவார், நூறு கிலோ முன்னே பின்னே இருக்கும். எனக்கு ஆட்களைப் புகழ்ந்து பழக்கமில்லை. ஆனால் இருபது வருடம் சர்வர்களோடு இருந்தும் ஒரு சர்வரைப் பார்த்து அதன் நிலையைச் சொல்ல எனக்குத் தெரியாது என்பதைக் குறித்துவைக்கிறேன்.

"இந்தக் கணினியில யார் யாரு வேலை செய்யறாங்கக்கா?"

"நான் ஒருத்திதான். ஆனா வடக்கு வாசல் எடையும் பின்வாசல் எடையும் இதுக்குள்ளதான் வந்து விழுது. மேல ஆபீஸ்ல இதுலேர்ந்துதான் எடுத்துக்கறாங்க."

"அப்ப இது சர்வராச்சே."

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? நீங்கதான தம்பி கொண்டுவந்து வச்சீங்க."

ஆலையில் இருக்கும் எல்லாக் கணினிகளையும் நான்தான் கொண்டுவந்து வைத்தேன். அதனால் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, 'பதினொன்று' என்று அட்டையில் எழுதினேன். பிறகு மானிட்டரின் ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். பழுத்த காகிதம், அதன்மேல் மூன்று அடுக்கு டேப். கோழி கிளறிவிட்டுப் போனதுபோல ஒரு கையெழுத்து. நான் அதைப் படிக்கவில்லை. பாஸ்வேர்டாகத்தான் இருக்கும் என்று அறிவாளிகளுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

"அத எடுத்துடுங்கக்கா. மானிட்டர்ல எதுவும் ஒட்டி வைக்கக்கூடாது."

"இதையா?"

"ஆமா. யார் எழுதியிருந்தாலும்."

"யார் எழுதியிருந்தாலுமா?" என்று அவர் ஒருமுறை திருப்பிச் சொன்னார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நகத்தால் டேப்பை மெதுவாக உரித்து, சீட்டை மேசை இழுப்பறைக்குள் வைத்தார். பணிந்துபோகிறார் என்று நினைத்தேன்.

அடுத்த மூன்று வாரங்கள் எழுதினேன். பதினான்கு விதிகள் வந்தன. வீட்டில் சாப்பாட்டு மேசையில் வைத்து மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். பிறர் வாயைத் திறந்துகொண்டிருக்கும்போது பொறுமையாக இருக்கப் பழகியவள்.

"எல்லாம் சரிங்க. நம்ம வீட்டு பாஸ்வேர்ட் எத்தனை வருஷமா ஒண்ணு?"

"கல்யாணத்துலேர்ந்து."

"அது நம்ம கல்யாணத் தேதிதான?"

"ஆமா."

"நல்லவேளை. இல்லன்னா அதுவும் உங்களுக்கு ஞாபகம் இருக்காது."

பதினான்கில் இரண்டை இங்கே சொல்ல வேண்டும். நான்காவது விதி: பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும், பாஸ்வேர்ட் கொடுத்தால்தான் திறக்கும். ஒன்பதாவது விதி: தொண்ணூறு நாட்களாக ஒருமுறைகூட உள்நுழையாத கணக்கு இறந்த கணக்கு, அது மூடப்படும். இந்த ஒன்பதாவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதில் ஒரு கண்டிப்பு இருந்தது. வராதவனுக்கு இடமில்லை. குளிக்கும்போதுகூட அதை ஒருமுறை சொல்லிப்பார்த்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு விதிகளை எல்லாச் சர்வர்களிலும் ஓடவிட்டேன். இருநூற்றுப் பதினான்கு கணக்குகளில் அறுபத்தொன்று இறந்தவை என்று வந்தது. பெயர்களைப் படித்தால் மனம் இளகிவிடும் என்று படிக்காமலே மூடினேன். மனம் இளகாமல் இருக்கத்தானே கொள்கை.

ஒன்பது மணிக்கு மேனேஜர் அறையில் இந்த எண்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். செல்போனை அமைதியில் வைத்திருந்தேன். ஆலையிலேயே மிக ஆரோக்கியமான கணக்கு எது என்றுகூட ஒரு பக்கம் போட்டிருந்தேன். ஸ்டோர் கீப்பருடையது. தினமும் காலை எட்டேகாலுக்கு உள்ளே வருகிறார், ஒருநாள் தவறியதில்லை.

மேனேஜர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, அவரு செத்து ரெண்டு வருஷமாச்சே. நீயும் நானும் ஒரே ஆட்டோலதான சாவுக்குப் போனோம்?"

ஸ்டோரில் இருந்த ஆறு பேரும் அவருடைய பாஸ்வேர்டில்தான் வேலை செய்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. அப்போது எனக்கு வந்த சந்தேகம் வேறு. இறந்தவர் உயிரோடு இருக்கிறார் என்றால், நான் காலையில் மூடியவர்கள் யார்? செல்போனை எடுத்துப் பார்த்தேன். எடைமேடையிலிருந்து ஏழு அழைப்புகள்.

நடந்தது இதுதான். டன் அக்கா ஒரு லாரியின் அடியில் ஏதாவது கட்டித் தொங்குகிறதா என்று பார்க்க வெளியே போனார். அந்த முட்டியோடு குனிந்து நிமிர்ந்து வரப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. அதற்குள் நான்காவது விதி திரையைப் பூட்டியிருந்தது. பாஸ்வேர்ட் அவருக்குத் தெரியும், அடித்தார். ஒன்பதாவது விதி பதில் சொன்னது: 'இந்தக் கணக்கு மூடப்பட்டுள்ளது. நிர்வாகியை அணுகவும்.' அவர் ஏழு முறை நிர்வாகியை அணுகினார். பிறகு இழுப்பறையிலிருந்து பழைய கார்பன் புத்தகத்தை எடுத்து, மேடைக்கு மேலே எரியும் சிவப்பு எண்களைப் பார்த்துக் கையாலேயே எழுதத் தொடங்கினார். நான் ஓடிப்போனபோது பதினெட்டு லாரிகளை எழுதி முடித்திருந்தார். வரிசை சாலை வரைக்கும் நீண்டிருந்தது.

கணக்கைத் திறக்க மூன்று நிமிடம்தான் ஆனது. ஏன் மூடியது என்பதைக் கண்டுபிடிக்க இன்னும் மூன்று நிமிடம். அவர் கடைசியாக உள்நுழைந்த நாள் நான்கு வருடத்துக்கு முன்னால். அதன்பிறகு அவர் வெளியேறவே இல்லை, பேட்டரி இருந்ததால் மின்வெட்டிலும் கணினி அணையவில்லை. வெளியேறாதவர் மறுபடி எப்படி உள்நுழைவார்? தினமும் எட்டு மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவரை என் விதி செத்தவர் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆலையிலேயே அதிகமாக வேலைக்கு வந்த ஆள் அவர். வந்துகொண்டே இருப்பது கணக்கில் வருவதில்லை, போய்விட்டுத் திரும்பி வந்தால்தான் வரும் என்று எழுதிவைத்தவன் நான்.

மேனேஜரிடம் போய் இதைச் சொன்னேன். அவருக்கு இதில் ஒரே ஒரு வரிதான் காதில் விழுந்தது.

"நாலு வருஷமா தொறந்தே போட்டிருக்காங்களா?"

"ஆமா சார். ஆனா..."

"வெள்ளிக்கிழமை அவங்க ஆள் வராரு. நாலு வருஷம் தொறந்து கெடந்த சர்வர், அத தொறந்து வச்ச அம்மா, ரெண்டையும் நான் எப்படிக் காட்டறது? அவங்கள பேக்கிங்குக்கு மாத்திடலாம். ஆர்டர் சாயங்காலத்துக்குள்ள போயிடும். நீயே போய்ச் சொல்லிடு."

பேக்கிங்கில் எட்டு மணி நேரமும் நிற்க வேண்டும். அங்கே நாற்காலியே கிடையாது. அது மேனேஜருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கேபினுக்குப் போய் எதையெதையோ பேசினேன். கொள்கை, வெள்ளிக்கிழமை, நிர்வாகத்தின் நிலைமை. அக்கா கார்பன் புத்தகத்தில் இருந்ததைக் கணினியில் ஏற்றிக்கொண்டே கேட்டார்.

"பேக்கிங்கா, சார்?"

எப்போதும் தம்பி என்று கூப்பிடுபவர். அந்த 'சார்' என் காதில் திருகுபோல இறங்கியது.

"ஏன்க்கா ஒரு தடவைகூட வெளியேறல?"

அவர் இழுப்பறையைத் திறந்து, டேப்போடு மடித்து வைத்திருந்த அந்தச் சீட்டை என் கையில் வைத்தார்.

"உங்க பொருள். மானிட்டர்ல ஒட்டக்கூடாதுன்னீங்க, எடுத்துட்டேன். யார் எழுதியிருந்தாலும்னீங்க."

சீட்டில் இருந்தது இது: 'வெளியேற வேண்டாம். வெளியேறினால் மேடையின் ஜீரோ அழிந்துவிடும். நான் வந்து சரிசெய்யும்வரை இப்படியே இருக்கட்டும்.' கீழே நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி. என் கையொப்பம்.

காலி மேடை பூஜ்யம் காட்ட வேண்டும். அது கலைந்தால் எல்லா லாரியின் எடையும் தப்பாகிவிடும். புதுக் கணினியை வைத்த அன்று, வெளியேறினால் அந்த ஜீரோ கலைகிறது என்று கண்டுபிடித்தவன் நான். ஒரு மணி நேர வேலை. அன்றைக்கு அவசரம், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி, இதை எழுதி ஒட்டிவிட்டுப் போனேன். அவர் நாளையிலிருந்து காத்திருந்தார்.

"இத மேனேஜர்கிட்ட நீங்களே காட்டலாமேக்கா."

"நான் காட்டினா சாக்கு சொல்றேன்னுவாங்க. நாலு வருஷம் இங்க வர்ற போற எல்லாரும் பாக்கற மாதிரி ஒட்டியிருந்துச்சு. நீங்க இப்பவாவது படிச்சீங்களே, அது போதும்." அடுத்த லாரி ஏறியது. அவர் ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டார்.

அப்போது மணி பதினொன்றரை. இனி வரும் நான்கு மணி நேரத்தை முடிந்தவரை சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்காகத்தான். சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். நான்கு வருடத்துக்கு முன்னால் இருந்த நானும் இப்போது இருக்கும் நானும் ஒரே ஆள்தானா என்று யோசித்தேன். இல்லை என்று நிரூபிக்கப் பாதி வழி வந்துவிட்டேன். சீட்டில் தேதிக்குப் பக்கத்தில் நேரம் குறிக்கப்படவில்லை, ஆகவே ஆவணமாகச் செல்லாது என்றும் ஒரு வாதம் கிடைத்தது. இரண்டே முக்காலுக்கு, பிரிண்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சர்வரில் ஒரு புதுக் கோப்பு வந்து வரிசையில் நின்றது. பெயர்: 'இடமாற்றம் – எடைமேடை'.

அதை நிறுத்திவைத்தேன். எழுந்துபோய் உண்மையைச் சொல்லவில்லை. பிரிண்டரை நிறுத்தினேன். என் அதிகாரம் எங்கே முடிகிறதோ அங்கேயே என் தைரியமும் முடிகிறது. என் அதிகாரம் பிரிண்டர் வரைக்கும்தான்.

முக்கால் மணி நேரம் கழித்து மேலே ஆபீஸிலிருந்து டைப்பிஸ்ட் அழைத்தார்.

"சார், பிரிண்டர் மக்கர் பண்ணுது. மேனேஜர் சார் கையெழுத்துக்குக் காத்துட்டிருக்காரு. வந்து பாருங்க."

பழுதுபார்க்கப் போவதுபோல ஸ்குரூடிரைவரோடு படியேறினேன். மேனேஜர் பிரிண்டருக்குப் பக்கத்திலேயே பேனாவும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் சீட்டை எடுத்து நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

"என்ன இது? யாரு கையெழுத்து? ஒரு எழுத்தும் புரியல."

"என்னோடதுதான் சார்."

"படி."

டைப்பிஸ்ட்டும் இன்னும் இரண்டு பேரும் இருக்க, சத்தமாகப் படித்தேன். தேதியையும் படித்தேன்.

"நாலு வருஷம் போகவே இல்லையா நீ?"

"மறந்துட்டேன் சார். அவங்க நான் சொன்னதத்தான் செஞ்சாங்க."

"பிரிண்டர்?"

"அதையும் நான்தான் நிறுத்தினேன்."

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "நியாயமா உன்னத்தான் பேக்கிங்குக்கு அனுப்பணும். உனக்கு ஒரு கட்டு கட்டத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"அப்ப அங்கயும் நீ பிரயோஜனமில்ல. இடமாற்றம் வேணாம். அந்த அம்மா அங்கயே இருக்கட்டும். ஆனா வர்றவருக்கு எழுத்துல பதில் வேணும். காரணத்தையும் பேரையும் போட்டு எழுது. அவங்க பேரு இல்ல, உன் பேரு."

என் பதினான்காவது விதி, எந்தச் சர்வராவது விதிகளுக்குப் பொருந்தாவிட்டால் அதை விதிவிலக்குப் பதிவேட்டில் காரணத்தோடு எழுத வேண்டும் என்கிறது. முதல் பக்கத்தின் முதல் வரி இப்படி ஆரம்பமானது: 'எடைமேடை சர்வர். நான்கு ஆண்டுகளாகத் திறந்திருந்தது. காரணம்: வருவதாக எழுதிவைத்த நிர்வாகி வரவில்லை.' அடுத்த ஏழு வரிகளும் என் சொந்த மேசைக் கணினியைப் பற்றியவை. அதை அதுவரை நான் அளந்தே பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை வந்தவர் அந்தப் பக்கத்தை இரண்டுமுறை படித்தார், ஓரத்தில் ஒரு டிக் போட்டார், கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார்.

ஆனால் அதற்கு முன்னால் புதன்கிழமை. திங்கள் மாலையே கேபினுக்குப் போய், இடமாற்றம் இல்லை என்று சொன்னேன். அக்கா தலையசைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

"எப்ப வந்து சரி பண்ணுவீங்கன்னு எழுதுங்க."

'புதன்' என்று எழுதினேன்.

"எந்த புதன்?"

தேதி எழுதினேன்.

"மணி?"

பத்து என்று எழுதினேன். அவர் வாங்கிப் படித்துப்பார்த்து, "இந்த தடவை புரியற மாதிரி எழுதியிருக்கீங்க" என்று சொல்லி, மானிட்டரில் ஒட்டாமல் சுவரில் ஒட்டினார். சுவரைப் பற்றி விதி எதுவும் இல்லை.

புதன்கிழமை பத்து மணிக்குப் போனேன். வெளியேறினாலும் ஜீரோ அழியாமல் இருக்கச் செய்ய ஐம்பது நிமிடம் ஆனது. நான்கு வருடமும் ஐம்பது நிமிடமும். அக்கா முதல்முறையாக வெளியேறினார். திரை வெறுமையானதும் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ஒவ்வோர் எழுத்தாகப் பாஸ்வேர்டை அடித்து உள்ளே நுழைந்தார். மேடை பூஜ்யம் காட்டியது.

"நம்பலாமா?"

"நம்பலாம்க்கா."

"நம்பறதுக்கு முன்னாடி ஏறி நில்லுங்க, பாப்போம்."

லாரிகள் காத்திருக்க, அந்த நீள இரும்பின் நடுவில் நான் தனியாகப் போய் நின்றேன். சிவப்பு எண் சற்றுத் தயங்கி எண்பதில் நின்றது.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி இப்படித்தான் நின்னீங்க தம்பி. அப்ப அறுபது."

"மேடை தப்பா காட்டுதோ?"

"லாரிக்கு செஞ்ச மேடை. இருபது இருபது கிலோவாத்தான் சொல்லும். கொஞ்சம் தப்பு அதோடது, மிச்சம் உங்களோடது."

ஒலிபெருக்கி கரகரத்தது. பாய்லர் வரைக்கும் கேட்கும் குரலில் அவர் அறிவித்தார்:

"காலி வண்டி. எண்பது."

டிரைவர்கள் சிரித்தார்கள். நான் இறங்கி வந்தபோது ஜன்னல் வழியாக, கணினி அச்சிட்ட எடைச்சீட்டை நீட்டினார். அதில் அவர் பெயருக்கு நேரே, உள்நுழைந்த நாள் என்ற இடத்தில், நான்கு வருடப் பழைய தேதிக்குப் பதிலாக அன்றைய தேதி இருந்தது.